புது டேட்டாபேஸ் ஃபங்ஷனை ரிவ்யூ பண்றது எப்படி

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல புதுசா ஒரு ஃபங்ஷன் சேர்க்கிற பேட்ச் (கோட் மாற்றம்) ரிவ்யூவுக்கு வந்தா முதல்ல கோடைத் திறக்காதீங்க, டாக்குமெண்டேஷனை மட்டும் படிங்க, படிச்சிட்டு இது என்ன வாங்குது என்ன திருப்பித் தருதுன்னு உங்களால சொல்ல முடியலன்னா அதுதான் உங்க முதல் கமெண்ட். அதுல இருக்கிற உதாரணத்தை எல்லாம் பில்ட் பண்ணி நீங்களே ஓட்டிப் பாருங்க, கோடை மாத்திட்டு உதாரணத்தை மாத்த மறந்துடறது ரொம்ப சாதாரணம்.

அப்புறம் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லைங்கிறது) குடுத்துப் பாருங்க. ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரிக்ட் (STRICT)னு போட்டிருந்தா குடுக்கிற ஆர்கியூமெண்ட்ல ஒரே ஒண்ணு NULL-ஆ இருந்தாலும் ஃபங்ஷன் ஓடவே ஓடாது, நேரா நல்தான் வரும், அதை டாக்குமெண்ட்ல சொல்லியிருக்காங்களான்னு பாருங்க. காலி ஸ்ட்ரிங், மைனஸ் நம்பர், டைப்போட எல்லை வரைக்கும் போற பெரிய நம்பர் இதெல்லாமும் விடாதீங்க.

நான் அதிக நேரம் செலவு பண்றது ஃபங்ஷன் இம்யூட்டபிள் (ஒரே இன்புட்டுக்கு எப்பவும் ஒரே விடை), ஸ்டேபிள் (ஒரு கொயரி ஓடி முடியற வரைக்கும் ஒரே விடை), வோலட்டைல் (விடை எப்ப வேணா மாறலாம்) இந்த மூணுல எதுன்னு பாக்கத்தான். டைம்சோன் செட்டிங்கைப் பொறுத்து விடை மாறுற ஃபங்ஷனை இம்யூட்டபிள்னு போட்டுட்டா அதை வச்சு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட விடைகளை முன்னாடியே கணக்கு போட்டு வைக்கிற பட்டியல்) போட போஸ்ட்கிரஸ் விட்டுடும், நாளைக்கு செட்டிங் மாறினா இண்டெக்ஸ்ல ஒரு விடை நேர்ல கணக்கு போட்டா இன்னொரு விடைன்னு ஆயிடும், எர்ரரே வராது, அதனாலதான் இது அவ்வளவு ஆபத்து.

டெஸ்ட்ல எர்ரர் வர வேண்டிய கேஸும் இருக்கணும். கமெண்ட் எழுதும்போது நீங்க ஓட்டின கொயரியையும் வந்த விடையையும் அப்படியே ஒட்டிடுங்க.