புல்வெட்டும் மெஷின் பிளேடு: பார்ப்பது, சாணை பிடிப்பது, மாற்றுவது

புல் வெட்டிய மறுநாள் காலையில் குனிந்து ஒரு புல் நுனியைப் பாருங்கள். நேராக அறுபட்டிருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. நார்நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் மழுங்கிவிட்டது. வேலூர் வெயிலுக்கு அந்த நுனி சீக்கிரமே பழுப்பாகிக் காய்ந்துவிடும். பொதுவாக 20, 25 மணி நேரம் ஓடியதும் சாணை பிடிக்க வேண்டியிருக்கும். பொடிக்கல்லும் மணலும் கிடக்கிற தரையில் அதற்கு முன்பே வேலை வந்துவிடும்.

46 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் முனை வினாடிக்குச் சுமார் 72 மீட்டர் போகிறது. அதனால் ஓடும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். கவனம் தவறுவது மெஷின் நின்ற பிறகு. பெட்ரோல் மெஷினில் பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சின் ஒரு அடி அடித்துவிடக்கூடும். முதல் வேலையாக ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாதபடி தள்ளிக் கட்டுங்கள். கரண்டில் ஓடும் மெஷின் என்றால் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். கரண்ட் கட் ஆகியிருக்கும் நேரத்தில் ‘இப்போதுதான் சௌகரியம்’ என்று கை வைக்கவே கூடாது. எந்த நொடியிலும் கரண்ட் திரும்பி வரும். பேட்டரி மெஷினில் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

எஞ்சின் ஆறிய பின், டேங்க் பெட்ரோலை வடித்துவிட்டு, ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி மெஷினைச் சாயுங்கள். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு சுற்றாமல் இருக்க, பிளேடுக்கும் மெஷினின் உட்சுவருக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். தரையைப் பார்க்கும் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, வாஷர்கள் இருக்கும் வரிசையை போனில் படம் எடுத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். சில மெஷின்களில் இடது மரை இருக்கும், அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பித்தான் கழற்ற வேண்டும். இளகவில்லை என்றால் பலத்தைக் காட்டுமுன் கையேட்டைப் பாருங்கள்.

சாணை பிடிக்குமுன், இந்த பிளேடு இன்னும் ஓடத் தகுதியானதா என்று முடிவு செய்யுங்கள். ஒட்டிய புல்லைச் சுரண்டிவிட்டு, முனைகளுக்குப் பின்னால் மேல்நோக்கி வளைந்த இறக்கையைக் கவனமாகப் பாருங்கள். புல்லைத் தூக்கிவிடும் காற்றோட்டத்தை உண்டாக்குவது அதுதான். காற்றோடு சுழலும் மணல் அந்த வளைவின் அடியைத்தான் அரிக்கும். அங்கே தகடு மெலிந்து பள்ளம் விழுந்திருந்தாலோ, எங்காவது விரிசல் இருந்தாலோ, பிளேடு வளைந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். வெல்டிங் பட்டறையில் பற்றவைக்கலாம், சுத்தியால் நிமிர்த்தலாம் என்று யார் சொன்னாலும் வேண்டாம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் மாறிவிடும். உடைந்தால் அந்தத் துண்டு பக்கத்தில் நிற்பவர் காலில்தான் பாயும்.

நல்ல பிளேடை வைஸில் இறுக்கி, 10 அங்குலத் தட்டை அரத்தால் பழைய சரிவிலேயே தேயுங்கள். பெரும்பாலும் அது 30 டிகிரி இருக்கும். அரத்தை ஒரே திசையில் தள்ளுங்கள். பிளேடின் இரு முனைகளிலும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். சரிவு இல்லாத அடிப்பக்கத்தில் பிசிறை மட்டும் எடுத்தால் போதும். அரிவாள்மணை போலக் கூர் ஏற்றினால் முதல் கல்லிலேயே மடங்கிவிடும். கிரைண்டர் பிடிப்பதானால் தொட்டுத் தொட்டு எடுங்கள், இடையிடையே ஆறவிடுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விட்டது. பிறகு கூர் நிற்காது.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். சுவரில் படுக்கைவாட்டில் ஓர் ஆணி அடித்து, பிளேடின் நடு ஓட்டையை அதில் மாட்டுங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்து, படுக்கையாக நிற்கும்வரை சரிபாருங்கள். எடை சரியில்லாத பிளேடு மெஷினை உதறவைத்து பேரிங்கைத் தின்றுவிடும்.

புது பிளேடு வாங்கும்போது மெஷினின் மாடல் எண்ணோடு பழையதையும் கொண்டுபோய், நீளத்தையும் நடு ஓட்டையின் வடிவத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டும்போது இறக்கை மெஷினின் உட்புறம் நோக்கி இருக்க வேண்டும். தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் மெஷின்கள் பலவற்றில் போல்ட் இறுக்கம் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். உங்கள் மெஷினுக்குக் கையேடு சொல்வதே கணக்கு. மரக்கட்டையை எடுத்துவிட்டு, பிளக் வயரைக் கடைசியாக மாட்டுங்கள். யாரும் அருகில் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். புது பிளேடு போட்டும் உதறினால், முன்பு கல்லில் மோதியதில் பிளேடைச் சுழற்றும் தண்டு (கிராங்க் ஷாஃப்ட்) வளைந்திருக்கலாம். உடனே நிறுத்தி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.