கவிதையைத் திரைக்கும் மேடைக்கும் கொண்டுபோவது

கவிதையை அசையும் ஓவியப் படமாக்கும்போது முதலில் குரல், பிறகுதான் படம். 15 வரிக் கவிதையை நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம் வரும். மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே இருந்தால் 'ப்ப' ஒலிகள் வெடிக்கும். வாசித்து முடித்ததும் அறையின் வெறும் அமைதியையும் 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள். வரிகளுக்கிடையே இடைவெளியை நீட்டும்போது அதுதான் கைகொடுக்கும். அதற்குப் பதில் ஒலியே இல்லாத சுத்த மௌனத்தை ஒட்டினால் ஒலி அறுந்ததுபோலக் கேட்கும்.

ஓவியத்தை அசையவைக்க விநாடிக்கு 12 படம் (ஃபிரேம்) போதும். நிமிடத்துக்கு 720 ஆகிறது, ஆனால் அத்தனையும் புதிதாக வரைய வேண்டாம். ஒரே கரித்துண்டு ஓவியத்தைக் கொஞ்சம் அழித்து, கொஞ்சம் வரைந்து, ஒவ்வொரு முறையும் படமெடுங்கள். அழித்த தடம் தாளில் மங்கலாகத் தங்கும். அந்த அழகு வேறெதிலும் கிடைக்காது. கேமராவில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் (படக் கூர்மை) மூன்றையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறிப் படம் துடிக்கும். ஜன்னல் வெளிச்சமும் வேண்டாம், ஒரு மேகம் நகர்ந்தாலே தெரிந்துவிடும்.

சொன்னதையே காட்டாதீர்கள். வரியில் மழை பெய்தால் திரையில் காய்ந்த குடை இருக்கட்டும்.

மேடையில் புரொஜெக்டரை உயரத்தில் மாட்டி, திரையை விட்டு நன்றாக முன்னால் வந்து நில்லுங்கள். நிழல் கீழே இறங்கிவிடும். நேரடியாக வாசிப்பதானால் படத்தை நான்கைந்து துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் கடைசி ஃபிரேமும் உறைந்து நிற்கும்படி அமையுங்கள். அடுத்த துண்டை ஒருவர் பொத்தானை அழுத்தி ஓடவிடட்டும். ஒரே நீளமாக ஓடினால் வாசிப்பவர் படத்தைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும்.