மெல்ல எரிந்து மெல்ல அணையும் சென்சார் விளக்கு: ஏற்காட்டு வாசலுக்கு

ஆள் வந்தால் பளிச்சென்று எரிந்து, போனால் பட்டென்று அணையும் விளக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். பனி இறங்கிய ஏற்காட்டு இரவில் அது கண்ணைக் கூசவைக்கும். அணைந்த பிறகு படிக்கட்டே தெரியாது. இரண்டு விநாடியில் ஏறி, ஐந்து விநாடியில் இறங்கும் விளக்கை நாமே செய்துவிடலாம். 230 வோல்ட் எல்இடி பல்பு மட்டும் வேண்டாம். மங்கலாக்கத் தோதில்லாத டிரைவர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்)தான் பெரும்பாலும் அதற்குள் இருக்கும், மினுக்கும். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்தான் சரி.

வாங்க வேண்டியவை

மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 5050 ஸ்ட்ரிப் 2 மீட்டர். மீட்டருக்கு 14.4 வாட் என்பதால் மொத்தம் 2.4 ஆம்பியர், 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 12 ஆக்கும் பவர் சப்ளை) தாராளம். புரோகிராம் ஓடும் சிறு போர்டான ஆர்டுயினோ நானோ, ஆள் அசைவைப் பிடிக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.501 பிஐஆர் சென்சார், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் எல்.எம்.2596 பக் கன்வெர்ட்டர், பகலா இருட்டா என்று பார்க்க எல்டிஆர் (ஒளி உணரும் ரெசிஸ்டர்) ஒன்று, 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 கிலோ ஓம் இரண்டு, 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 3 ஆம்பியர் ஃபியூஸ். ஸ்ட்ரிப்புக்கு ஸ்விட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்டை ஐ.ஆர்.எல்.இசட்.44என் என்றே கேளுங்கள். நடுவில் 'எல்' இல்லாத ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் கேட்டில் (அதைத் திறந்து மூடும் கால்) 5 வோல்ட் கொடுத்தால் முழுதாகத் திறக்காமல் சூடாகும்.

இணைப்பு

முதலில் பக் கன்வெர்ட்டரைத் தனியாக 12 வோல்ட்டில் போட்டு, மல்டிமீட்டரில் 5 வோல்ட் வரும்வரை திருகைத் திருப்புங்கள். அதற்குமுன் நானோவை மாட்டினால் நானோ போய்விடும்.

ஸ்ட்ரிப்பின் பிளஸ் ஃபியூஸ் வழியாக நேரே 12 வோல்ட்டுக்கு. மைனஸ், மாஸ்ஃபெட்டின் நடுக்காலுக்கு. எழுத்து நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடக்கால் கேட். நானோவின் 9ஆம் பின்னிலிருந்து 220 ஓம் வழியாக அங்கே வாருங்கள். வலக்கால் கிரவுண்டுக்கு. கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம். இது இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் விளக்கு ஒருமுறை வெட்டும். எல்டிஆரை 5 வோல்ட்டுக்கும் நானோவின் ஏ0 பின்னுக்கும் இடையே, இன்னொரு 10 கிலோ ஓமை ஏ0வுக்கும் கிரவுண்டுக்கும் இடையே வையுங்கள். பக் கன்வெர்ட்டரின் 5 வோல்ட், நானோவின் 5 வோல்ட் பின்னுக்கும் பிஐஆரின் பிளஸுக்கும். பிஐஆரின் அவுட், 2ஆம் பின்னுக்கு. எல்லா கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும்.

புரோகிராம்

தொடங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். 0 முதல் 255 வரை ஒரு ஃபார் லூப், உள்ளே டிலே (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) என்று எழுதினால் விளக்கு ஏறும், இறங்கும். ஆனால் பாதி இறங்கும்போது யாராவது வந்தால் முழுதாக அணைந்த பிறகுதான் கவனிக்கும். அதற்குப் பதில் 'நிலை', 'இலக்கு' என்று இரண்டு மாறிகள் வையுங்கள். ஆள் அசைந்தால் இலக்கு 255. கடைசி அசைவிலிருந்து 45 விநாடி கழிந்தால் 0. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் நிலை, இலக்கை நோக்கி ஒரே ஒரு படி நகரட்டும்: ஏறும்போது 8 மில்லி விநாடிக்கு ஒன்று, இறங்கும்போது 20க்கு ஒன்று. நேரத்தை மில்லிஸ் (ஓடிய மில்லி விநாடிகளைச் சொல்லும் கட்டளை) கொண்டு பாருங்கள்.

நிலையை அப்படியே அனலாக்ரைட்டுக்கு (விளக்கின் பிரகாசத்தை 0 முதல் 255 வரை வைக்கும் கட்டளை) கொடுக்காதீர்கள். தொடக்கத்திலேயே பெரும் வெளிச்சம் வந்துவிட்டது போலவும், மிச்ச நேரம் சும்மா நிற்பது போலவும் கண்ணுக்குத் தெரியும். நிலையை நிலையால் பெருக்கி 255ஆல் வகுத்துக் கொடுங்கள். மாறியை அன்சைன்டு இன்ட் (மைனஸ் இல்லாத முழு எண்) ஆக அறிவிக்க வேண்டும். வெறும் இன்ட் என்றால் 32767தான் எல்லை. நிலை 181ஐத் தாண்டியதும் பெருக்கல் மைனஸுக்குப் போய், ஏறிக்கொண்டிருந்த விளக்கு நடுவில் தாறுமாறாகும். பலர் இதற்காக ஸ்ட்ரிப்பையே மாற்றுகிறார்கள்!

எல்டிஆரை விளக்கு அணைந்திருக்கும்போது மட்டும் படியுங்கள். இல்லையென்றால் தன் வெளிச்சத்தையே பகல் என்று நினைத்து அணையும், மறுபடி எரியும்.

சென்சார்

சென்சாரில் உள்ள ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு மூடி) எச் பக்கம். நேரத் திருகைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். காத்திருப்பதை நானோ பார்த்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் சென்சார் நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் ஆகும். அந்த 60 விநாடி சென்சார் சொல்வதைப் புரோகிராம் கண்டுகொள்ளாமல் விடட்டும். மின்வெட்டுக்குப் பிறகு விளக்கு வீணாக எரியாது.

பிஐஆர் பார்ப்பது வெப்பம் இடம்பெயர்வதை. குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும், நேரே வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் பாதைக்குப் பக்கவாட்டில், இரண்டு மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். காட்டெருமை வந்தாலும் எரியும். சென்சாருக்குச் சூடான உடம்பு எல்லாம் ஒன்றுதான். சேலத்தில் மே மாதம் வெளிச்சூடு உடல் சூட்டை நெருங்கும்போது எட்டும் தூரம் குறையும். உணர்திறன் திருகைக் கொஞ்சம் கூட்டுங்கள். மலையில் வேறு பிரச்சினை: லென்ஸில் பனிநீர் படிந்தால் வெப்பக் கதிர் உள்ளே போகாது. அதற்காகக் கண்ணாடி போட்டு மூடிவிடாதீர்கள், கண்ணாடியும் மறைக்கும். பிவிசி குழாயைச் சரிவாக வெட்டிக் கூரை மாதிரி ஒட்டினால் போதும்.

அணைந்த கையோடு தானாகவே மறுபடி எரிகிறதா? விளக்கு இழுக்கும் கரண்ட் மாறும்போது சப்ளை வோல்ட் அசைவதை பிஐஆர் அசைவென்று எடுத்துக்கொள்கிறது. 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை சென்சாரின் பிளஸ், கிரவுண்ட் கால்களிலேயே வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே 12 வோல்ட் மட்டும். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் போட்டால் அரை வோல்ட்தான் குறையும். நானோ இருக்கும் பெட்டிக்கு ஒயரை அடியிலிருந்து ஏற்றுங்கள். அடியிலேயே 3 மில்லிமீட்டர் துளை ஒன்றும் வேண்டும். எவ்வளவு சிலிகான் பூசினாலும் ஏற்காட்டு ஈரம் உள்ளே வரத்தான் செய்யும், அது வடிய வழி வேண்டுமே.