‘கொஞ்ச நாள்தானே’ என்று அக்ராவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று வேலைக்குப் போகிறவர்கள் படும் சிரமங்களில் பாதிக்கும் மேல் ஒரே நினைப்பால் வருபவை: ‘கொஞ்ச நாள்தானே, சமாளித்துக்கொள்ளலாம்.’ மனிதர்களிடம் பழகுவதிலும் சரி, உடம்பைப் பார்த்துக்கொள்வதிலும் சரி, இந்த நினைப்பு காலை வாரிவிடும்.

கிளம்பும் முன்பே ஒரு தவறு நடக்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். ஊசி போட்ட 10-வது நாளிலிருந்துதான் அதற்குத் தரும் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். 2016 முதல் இந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லுபடியாகும் என்பதால், அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டுடனேயே வைத்திருங்கள். ஊருக்குத் திரும்பும்போது அது கையில் இல்லையென்றால், இந்திய விமான நிலையத்தில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

போய் இறங்கியதும் பலரும் செய்வது, வணக்கம் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருவது. வாசல் காவலாளி, அலுவலக வரவேற்பில் இருப்பவர், தெருமுனையில் கெங்கே என்ற புளித்த சோளமாவு உருண்டை விற்கும் அம்மா, யாராக இருந்தாலும் முதலில் ‘குட் மார்னிங்’, பிறகு ‘எப்படி இருக்கிறீர்கள்’, அதற்கப்புறம்தான் வேலை. ‘அந்த ஃபைல் எங்கே?’ என்று ஆரம்பித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; ஆனால் அந்த ஃபைல் சீக்கிரம் வராது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போனால், உங்கள் வலதுகைப் பக்கம் இருப்பவரில் தொடங்கி வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் இருக்கும் மேலதிகாரியிடம் முதலில் தாவக் கூடாது.

இடதுகை விஷயம் நமக்குப் புதிதில்லை. ஆனாலும் தவறுகிறோம். டாக்சியிலிருந்து இறங்கும்போது வலதுகையில் செல்போன் இருக்கும், இடதுகை தானாகக் காசை நீட்டும். அங்கே இடதுகையால் கொடுப்பது மட்டுமல்ல, வழி காட்டுவதும் கையசைத்துக் கூப்பிடுவதும்கூட அவமரியாதைதான். போனை மடியில் வைத்துவிட்டு வலதுகையால் கொடுங்கள்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. சாப் பார் என்கிற சின்ன உணவகங்களில் கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். களி போன்ற பாங்குவையும் ஃபுஃபுவையும் வலதுகையால்தான் பிட்டுச் சாப்பிட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை தேவை. ‘மீட் வேண்டாம்’ என்று சொன்னால் மீன் வரும். அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த வாச்சே பார்க்கச் சைவம்தான், ஆனால் அதன் மேல் ஊற்றும் ஷிட்டோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கில் கருவாட்டுப் பொடியோ இறால் பொடியோ இருக்கும். மீன், இறால், கருவாடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதுதான் வழி.

வீட்டு வாடகைக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்பணம் கேட்பது அங்கே சாதாரணம். 1963-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 6 மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் பேரம் பேசித்தான் ஆக வேண்டும். முடிந்தால் தங்குமிடத்தை நிறுவனத்தின் பொறுப்பில் விடுங்கள். நீங்களே பிடிப்பதானால், பணம் கொடுக்கும் முன் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, ப்ரீபெய்டு மின் மீட்டர் உங்களுக்கென்று தனியா, பக்கத்து வீட்டோடு சேர்ந்ததா என்று பாருங்கள். பிறகு சண்டை வருவது இங்கேதான்.

பணம் பெரும்பாலும் செல்போன் வழியாக, மோமோ எனப்படும் மொபைல் மணியில் புழங்குகிறது. ‘தவறி உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று அழைப்பு வந்தால், குறுஞ்செய்தியை நம்பாமல் முதலில் உங்கள் இருப்பைப் பாருங்கள்.

சாலையில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். கடக்கும்போது நம் கண் பழக்கத்தில் வலப்பக்கம் போகும். வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். ராணுவ உடை போன்ற புள்ளித் துணி அணிவதற்குப் பொதுமக்களுக்குத் தடை உண்டு, பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். மே, ஜூன் வாக்கில் ஹொமோவோ திருவிழாவுக்கு முன் அக்ராவின் பூர்வகுடிகளான ‘கா’ இன மக்களின் மரபுப்படி ஏறக்குறைய ஒரு மாதம் மேளத்துக்கும் இரைச்சலுக்கும் தடை இருக்கும். அப்போது மொட்டைமாடியில் பாட்டு வைக்காதீர்கள். அதே மாதங்களில்தான் பெருமழையும். 2015 ஜூன் 3 அன்று அக்ராவின் சர்க்கிள் பகுதியில் வெள்ளத்தோடு பெட்ரோல் நிலையமும் வெடித்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். மழை வலுத்தால் வீட்டுக்கு ஓடாமல் அலுவலகத்திலேயே இருங்கள். தெருவோரச் சாக்கடைகள் பல இடங்களில் மூடியில்லாமல் கிடக்கின்றன, தண்ணீர் நிறைந்தால் சாலை எது, பள்ளம் எது என்று தெரியாது.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு மலேரியா வராமல் தடுக்கப் போடும் மாத்திரையை நிறுத்துவது. ‘இங்கே யாருமே போடுவதில்லையே, நாமும் கொசுக்கடியில் வளர்ந்தவர்கள்தானே’ என்று இரண்டாவது மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். அங்கே வளர்ந்த பெரியவர்களுக்குச் சிறுவயதிலிருந்து மலேரியா வந்து வந்து ஓரளவு எதிர்ப்பு சக்தி இருக்கும். நமக்கு அது கிடையாது. சென்னையில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை மலேரியா. அக்ராவில் வருவது ஃபால்சிபாரம். ஓரிரு நாளிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். நீங்கள் போடும் தடுப்பு மாத்திரை டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். வந்து சில வாரங்கள், ஏன், மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ‘கானாவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள்’ என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் டெங்கு, டைஃபாய்டு என்றுதான் தேடத் தொடங்குவார். வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்; காய்ச்சல் முற்றி நீங்கள் பேச முடியாமல் போனால் அவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.