ப்ளூகில்லுக்குச் சின்னத் தூண்டில் முள்தான்

அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பக்கத்துக் குட்டைகளில் ப்ளூகில் என்ற நன்னீர் மீன் ஏராளம். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த மீனுக்கும் வாய் மிகச் சிறியது. கெளுத்திக்குக் கட்டும் முள்ளை இதற்குப் போட்டால் இரையை ஓரமாகக் கொத்தித் தின்றுவிட்டுப் போய்விடும். 8 அல்லது 10ஆம் எண் முள் வாங்குங்கள். எண் ஏற ஏற முள் சிறிதாகும். தண்டு நீளமாக இருந்தால் ஆழமாக விழுங்கினாலும் கழற்றுவது எளிது.

தங்கூசி (தூண்டில் நரம்பு) 4 பவுண்டு தாங்கினால் போதும். முள்ளுக்கு 15 செ.மீ. மேலே சிறு ஈயக்குண்டு ஒன்றை இடுக்கியால் நெரித்து வையுங்கள். பல்லால் கடிக்கவே கூடாது, ஈயம் நஞ்சு. தக்கை பென்சில் மாதிரி ஒல்லியாக இருக்கட்டும். பெரிய உருண்டைத் தக்கை இழுவிசை கொடுக்கும். அதை உணர்ந்ததும் மீன் இரையைத் துப்பிவிடும்.

மண்புழுவை முழுசாகத் தொங்கவிட வேண்டாம். 2 செ.மீ. துண்டு, முள் நுனி மூடும்படி. தூண்டில் கடைகளில் உயிரோடு விற்கும் சுவர்க்கோழி கிடைத்தால் இன்னும் நல்லது. தலைக்குப் பின்னாலுள்ள கழுத்துப் பட்டைக்கு அடியில் கோத்தால் துடித்துக்கொண்டே இருக்கும்.

வசந்தத்தில் தண்ணீர் 21 டிகிரி செல்சியஸ் வாக்கில் வந்ததும் ஆண் மீன்கள் கரையோரம் 2 முதல் 4 அடி ஆழத்தில் வாலால் குழி பறிக்கும். வெளிறிய வட்டங்கள் நெருக்கமாகத் தெரியும். நிழல் விழாமல் தள்ளி நின்று, குழிக்கு அப்பால் வீசி மெல்ல இழுத்து வாருங்கள். ஆனால் பெரிய ஆண்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். முட்டைக்குக் காவல் அவைதான். காவல் போனால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். நடுத்தர மீன்களை வைத்துக்கொண்டு பெரியவற்றை உடனே விட்டுவிடுவதே குட்டைக்கு நல்லது.

கோடை நடுவில் கரையோரம் சுடும், ஆழத்தில் ஆக்சிஜன் குறையும். அப்போது படகுத்துறை நிழலிலும் சாய்ந்த மரத்தடியிலும் விடியலிலோ அந்தியிலோ முயலுங்கள். 3 அடி ஆழத்தில் தொடங்கி, 5 நிமிடம் கடி இல்லாவிட்டால் தக்கையை ஓரடி மேலே நகர்த்தி இரையை இன்னும் ஆழமாக இறக்குங்கள். தக்கை அமிழ்ந்ததும் மணிக்கட்டை லேசாகத் தூக்கினால் போதும், வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழியும்.

முதுகுத் துடுப்பில் முட்கள் உண்டு. தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவி மடக்கிப் பிடியுங்கள். சமைக்க எடுப்பதை உடனே ஐஸில் போடுங்கள். அந்த வெயிலில் சதை சீக்கிரம் குழைந்துவிடும். ஜார்ஜியாவில் பொது ஏரி என்றால் 16 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் வேண்டும்.