பிழை நாணயத்தை அறிவதும் மதிப்பிடுவதும்

நாணயச்சாலையில் உருவாகும்போதே நேர்ந்த தவறுதான் பிழை நாணயம். புழக்கத்தில் நசுங்கியதும் யாரோ அரத்தால் ராவியதும் அந்தக் கணக்கில் சேரா.

இந்திய நாணயங்களில் தொடங்குவோர் முதலில் ஓர் எளிய சோதனையைச் செய்யலாம். சிங்கத் தலை நேராக நிற்குமாறு மேல், கீழ் விளிம்புகளை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால், மறுபக்கமும் நேராகவே தெரியவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ தெரிந்தால் அச்சு (உருவத்தைப் பதிக்கும் கருவி) திரும்பியிருக்கிறது. (அமெரிக்க நாணயங்களில் தலைகீழாகத் தெரிவதே இயல்பு.)

விளிம்பில் பிறைபோல வெட்டுப்பட்ட நாணயத்தில், வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான வெட்டுப் பிழைகளில் பெரும்பாலும் அப்படி இருக்கும், பிறகு வெட்டிய போலியில் இருக்காது. இயல்பான எடையோடு ஒப்பிடுவதும் உதவும்: எடுத்துக்காட்டாக, இருஉலோகப் பத்து ரூபாயின் இயல்பான எடை 7.71 கிராம். முந்தைய நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையில் (உருவம் பதியாத உலோகத் தட்டில்) அதன் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதிவது அரிய பிழை. ஆனால் இரு நாணயங்களைப் பிடிகருவியில் வைத்து நெரித்தும் இதைப் போலியாகச் செய்கிறார்கள். அப்போது மறுபக்கம் தட்டையாகிவிடும்.

உருவம் மையம் விலகிப் பதிந்த நாணயத்தில் விலகல் பெரிதாக இருந்தும் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் (மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியில்லை) தெரிந்தால் மதிப்பு கூடும். விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், ஏலத்தில் உண்மையில் விற்ற விலையையே அளவாகக் கொள்ளுங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த விலையும் கிடைக்காது.