ஃபர்னஸும் ஏசியும் ஒன்றாக நின்றுபோனால்

டொராண்டோவில் சொந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மே மாதம். பகல் நன்றாகச் சுட்டதால் ஏசியைப் போட்டேன். தோட்டத்தில் இருக்கும் பெட்டி முனகக்கூட இல்லை. சுவரில் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திரை மட்டும் அணைந்துபோனது. இரவில் குளிர் இறங்கியபோது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வரவில்லை. கெட்டது ஏசிதானே, சூடு ஏன் நிற்க வேண்டும்? புதிதாக வருபவர்கள் பலர் இந்தக் கேள்வியில்தான் சிக்கிக்கொண்டு, புது தெர்மோஸ்டாட் வாங்கப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். நானும் செலவழித்தேன்.

ஊரில் ஏசி ஒரு பெட்டி, வெந்நீர் கீசர் இன்னொரு பெட்டி. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. இங்கே பேஸ்மென்டில் நிற்கும் ஃபர்னஸுக்குள் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட்டாக இறக்குகிறது. ஃபர்னஸ், விசிறி, ஏசி மூன்றுக்கும் உத்தரவு போவது அந்த 24 வோல்ட்டில்தான். பழைய தொலைபேசி வயர்போல மெல்லிய வயர்கள் அவை. வழக்கமாகச் சிவப்பு 'ஆர்' மின்சாரம் கொண்டுவரும். வெள்ளை 'டபிள்யூ' சூட்டுக்கு, மஞ்சள் 'ஒய்' குளிர்ச்சிக்கு, பச்சை 'ஜி' விசிறிக்கு. 'சி' திரும்பும் வழி. நிறத்தை நம்பாதீர்கள், முனையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். உத்தரவு கொண்டுபோகும் வயர் எங்காவது தோல் உரிந்து 'சி'யையோ தகரத்தையோ தொட்டால் அதுதான் ஷார்ட். உடனே ஃபர்னஸை இயக்கும் மின்பலகையான போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும், அதோடு எல்லாமும் நின்றுவிடும்.

முதலில் ஃபர்னஸின் சுவிட்சை அணையுங்கள். அது சாதாரண விளக்கு சுவிட்ச் போலவே இருக்கும். சில வீடுகளில் பேஸ்மென்ட் படிக்கட்டின் மேலேயே இருக்கும். விளக்கு என்று நினைத்து யாரோ அதை அணைத்துவிட்டு, வீடு குளிர்கிறதே என்று இரவெல்லாம் போர்வைக்குள் கிடந்த கதைகளும் உண்டு. பிறகு கீழ்க் கதவைக் கழற்றிப் பாருங்கள். போர்டில் காருக்குப் போடும் அதே தட்டையான ஃபியூஸ் இருக்கும்: ஊதா என்றால் 3 ஆம்பியர், வெளிர்பழுப்பு என்றால் 5. உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா? அறுந்திருந்தால் ஷார்ட்டைத் தேட வேண்டும். அறுபடவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம்: கதவு சரியாக மூடாததால் அதன் பின்னுள்ள சுவிட்ச் அழுந்தவில்லை, அல்லது ஏசியின் கழிவுநீர்க் குழாய் அடைத்து நீர் மட்டம் ஏறினால் அணையும் மிதவை சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்திவிட்டது.

ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக்கம்பியைச் சுற்றி வளர்ந்த கைகள் நம்முடையவை. இங்கே அந்த வித்தை வேண்டாம். அந்த டிரான்ஸ்பார்மரின் திறன் பெரும்பாலும் 40 விஏ (வோல்ட்-ஆம்பியர்), 24 வோல்ட்டில் ஏறத்தாழ 1.7 ஆம்பியர்தான் தாங்கும். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது அதுவே. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகும் 3 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தேடி முடிப்பதற்குள் நாலைந்து ஃபியூஸ்கள் பலியாகாமல் தப்பும்.

ஃபியூஸ் எப்போது போகிறது என்பதே துப்பு. சுவிட்சைப் போட்டவுடன் போனால் 'ஆர்' வயரைச் சந்தேகியுங்கள்: தகரத் துளையின் விளிம்பில் உரசிய இடம், கேபிளைக் குத்திய ஆணி. சூட்டைக் கேட்டவுடன் போனால் 'டபிள்யூ' பக்கம். குளிரைக் கேட்டவுடன் போனால் 'ஒய்'. என் அனுபவத்தில் இதுதான் அதிகம்.

இதைச் சோதிக்கத் தோட்டத்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். அதற்குள் 240 வோல்ட் இருக்கிறது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும் கப்பாசிட்டர் அடி கொடுக்கும். ஃபர்னஸ் போர்டின் 'ஒய்', 'சி' முனைகளிலிருந்து வெளியே போகும் இரண்டு வயர்களைச் சுவிட்ச் அணைந்த நிலையில் கழற்றி, அவற்றுக்கிடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 10 முதல் 20 வரை காட்டினால் பொதுவாக வழி சரி. சுழியத்தை ஒட்டி வந்தால் ஷார்ட் வெளியே போகும் வயரிலோ, பெட்டிக்குள் ஏசிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் கான்டாக்டர் என்ற சுவிட்சின் சுருளிலோ இருக்கிறது. அந்த இரண்டையும் கழற்றியே வைத்துவிட்டு, நுனிகளைத் தனித்தனியே டேப் சுற்றிப் புது ஃபியூஸ் போட்டால், ஏசி இல்லாவிட்டாலும் ஃபர்னஸ் ஓடும். அன்றிரவு எங்களைக் காப்பாற்றியது இதுதான்.

வாடகை வீடானால் எதையும் கழற்றாதீர்கள். வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் சூட்டை அவர் தரும் வீடுகளில் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஃபர்னஸுக்கு வரும் எரிவாயுக் குழாயையும் அதன் வால்வையும் உரிமம் பெற்றவர் மட்டுமே தொடலாம். வாயு வாசனை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறிவிட்டு, வெளியே நின்று போன் செய்யுங்கள்.

என் வீட்டில் மீட்டர் காட்டியது 0.4 ஓம். மறுநாள் காலை ஏசிப் பெட்டிக்குப் போகும் வயரைத் தடவிக்கொண்டே போனேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தோல் கிழிந்து, மஞ்சள் 'ஒய்'யும் நீல 'சி'யும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. முந்தைய வாரம் புல் கத்தரிக்கும் டிரிம்மரை அந்த மூலையில் ஓட்டியது நான்தான். கெட்ட பகுதியை வெட்டி, வெளிப்புறத்துக்கான இணைப்பிகளால் சேர்த்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்தினேன். இப்போது அந்த மூலையில் புல்லைக் கையால்தான் பிடுங்குகிறேன்.